ரெண்டர் இழுக்கிறது, சேலை வெடிக்கிறது, தோல் சாம்பல் பூக்கிறது: டாஸ் ஸ்டுடியோவில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

என் பாட்டியின் கலர் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கோலார் தங்கவயலில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது. சுங்குடிச் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு, லைன் வீட்டு வாசற்படியில் அவர் உட்கார்ந்திருப்பதை வண்ணத்தில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் 3டி உருவங்களுக்கு உடை, வெளிச்சம் எல்லாம் அமைத்துப் படமாக்கும் டாஸ் ஸ்டுடியோ என்ற நிரலைத் திறந்தேன். அப்படி அமைத்த காட்சிக்குப் பெயர் சீன், அதைக் கணக்கிட்டுப் படமாக்குவதுதான் ரெண்டர். அந்த ஒரு படத்தை முடிப்பதற்குள் எத்தனையோ கோளாறுகள் வந்தன. பெரிய கோளாறு எதையும் நான் தனியாகத் தீர்க்கவில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடி அறையில் ஞாயிறு காலை ஆறேழு பேர் லேப்டாப்போடு கூடுவோம். அங்கே பேசித் தீர்த்ததை, அடுத்து வருபவருக்கு உதவும் என்று அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங், அதற்குள் வியூ லாக் ஃபைல். நிரல் என்ன செய்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்று வரிக்கு வரி அதில் இருக்கும். கோளாறு வந்தவுடன் திறந்து கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். எரர், வார்னிங் என்ற சொற்கள் இருக்கும் வரிகளையும் அவற்றுக்கு மேலே பத்து வரிகளையும் அப்படியே காப்பி செய்து வையுங்கள். “ரெண்டர் வரலை, என்ன பண்றது?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. லாக்கைக் காட்டினால் பாதி நேரம் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த படத்தில் அதே கோளாறு வரும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ரெண்டர் ஆமை வேகம், ஃபேன் மட்டும் அலறுகிறது

அரை மணி நேரம் ஆகியும் இரண்டு சதவீதம்கூடத் தாண்டவில்லை என்றால், கிராபிக்ஸ் கார்டு செய்ய வேண்டிய வேலையைச் சிபியு செய்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். டாஸ் ஸ்டுடியோவில் ரெண்டர் செய்யும் பகுதியான ஐரே, என்விடியா கார்டில்தான் வேகமாக ஓடும். சீன் முழுவதும் கார்டின் சொந்த நினைவகமான விராமுக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் மீறினாலும் கார்டை விட்டுவிட்டு மொத்த வேலையும் சிபியுவுக்குப் போய்விடும்.

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். “3டி” என்ற வரைபடம் படுத்தே கிடக்கும், அதை நம்ப வேண்டாம். அதைக் “குடா” (கார்டில் நடக்கும் கணக்கு வேலை) என்று மாற்றுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்டில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையை ஓட்டுங்கள், கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று அது காட்டும். அதோடு ரெண்டர் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் சிபியு ஃபால்பேக் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது விராம் போதாவிட்டால் ரெண்டர் உடனே நின்றுவிடும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து ஏமாறுவதற்கு அது எவ்வளவோ மேல்.

விராமை எது தின்கிறது? முதல் சந்தேகம் டெக்ஸ்சர்கள் மேல்தான், அதாவது உருவத்தின் மேல் போர்த்தும் படங்கள் மேல். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு வண்ணப் படம், ஹார்ட் டிஸ்கில் 3 எம்பி ஜேபெக்காக இருந்தாலும், சுருக்காமல் நினைவகத்தில் விரியும்போது 48 எம்பி ஆகிறது. முகம், உடம்பு, கை, கால் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் நிறம், ட்ரான்ஸ்லூசன்சி (தோலுக்குள் ஊடுருவும் வெளிச்சம்), நார்மல் (மேடுபள்ளம்) என மூன்று மேப் வைத்தாலே 12 படம், 576 எம்பி. ஒரே ஓர் ஆளுக்கு இவ்வளவு. ஐரே தானாகவே ஓரளவு சுருக்கும். டெக்ஸ்சர் கம்ப்ரஷனில் 512, 1024 என்று இரண்டு எண்கள் இருக்கும், “தரம் கூடும்” என்று யாராவது சொன்னதைக் கேட்டு அவற்றை ஏற்றியிருந்தால் பழையபடி இறக்குங்கள். தூரத்தில் நிற்கும் ஆட்களுக்கு டெக்ஸ்சரை 2048 ஆக்கினால் நினைவகம் கால்பங்காகிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அடுத்தது சப்டிவிஷன். உருவத்தை ஆக்கும் சின்னச் சின்னத் தட்டை முகங்களான பாலிகன்களை, வழவழப்பாகத் தெரிவதற்காக மேலும் பிரிப்பது அது. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் பாலிகன்கள் நான்கு மடங்காகின்றன. டாஸின் ஆயத்த மனித உருவமான ஜெனிசிஸ் 8 சுமார் 16,000 பாலிகன். நான்காம் நிலையில் அதுவே நாற்பது லட்சம்.

என்னுடைய 6 ஜிபி கார்டைக் கவிழ்த்தது பாட்டியின் மல்லிகைச் சரம். ஒரு பூவுக்கு 900 பாலிகன். அதை டூப்ளிகேட் போட்டுப் போட்டு 1,200 பூ வைத்திருந்தேன். பூவின் ரெண்டர் சப்டிவிஷன் 2 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. கணக்குப் போட்டால் ஒரு கோடியே எழுபத்திரண்டு லட்சம் பாலிகன், பூவுக்கு மட்டும்! காபி கொண்டுவந்த என் பெரியம்மா திரையைப் பார்த்து, “பூவை இப்படியாடா ஒண்ணொண்ணா ஒட்டுவாங்க? ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம் வச்சு ஒரு முடிச்சு. அதையேதான் திரும்பத் திரும்பக் கட்டிட்டுப் போவாங்க” என்றார். அதையே செய்தேன். நான்கு பூ சேர்ந்த ஒரு முடிச்சை மட்டும் மாடலாக வைத்து, மற்ற 299 முடிச்சுகளையும் கிரியேட் மெனுவில் உள்ள நோட் இன்ஸ்டன்ஸ் மூலம் வைத்தேன். இன்ஸ்டன்ஸ் என்பது புதுப் பிரதி கிடையாது, “அதே பொருள், வேறு இடம்” என்ற குறிப்பு மட்டும்தான். ஆனால் ரெண்டர் செட்டிங்ஸில் இன்ஸ்டன்சிங் ஆப்டிமைசேஷன் “மெமரி” என்று இருக்க வேண்டும். “ஸ்பீட்” என்றிருந்தால் இன்ஸ்டன்ஸ்களும் தனித்தனிப் பொருளாக விரிந்து நினைவகத்தைத் தின்றுவிடும். சரமும் முன்பைவிட உண்மையாக வந்தது, ஏனென்றால் நிஜச் சரத்தின் ஒழுங்கு அதுதான்.

இவ்வளவு செய்தும் கார்டு எடுத்துக்கொள்ளாவிட்டால் நிரலை மூடித் திறந்து பாருங்கள். முந்தைய ரெண்டர் ஜன்னல் திறந்திருந்தால் அது பிடித்த இடத்தை விடாமல் வைத்திருக்கும். புத்தம் புதுக் கார்டு பட்டியலிலேயே இல்லை என்றால், உங்களிடம் உள்ள பதிப்பின் ஐரேவுக்கு அந்தத் தலைமுறைக் கார்டு தெரியாமல் இருக்கலாம். டிரைவரையும் நிரலையும் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

படம் முழுக்கக் கருப்பு

ரெண்டர் செட்டிங்ஸின் டோன் மேப்பிங்கில், கேமராவின் வெளிச்ச அமைப்பான எக்ஸ்போஷர் வேல்யூ 13 என்று இருக்கும். ஷட்டர் 128, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. இது பகல் வெளிச்சத்தில் தெருவில் படமெடுக்கும் கேமராவின் அமைப்பு. அதே கேமராவை இரவில் 9 வாட் பல்பு எரியும் அறைக்குக் கொண்டுபோனால் நிஜத்திலும் கருப்பாகத்தான் வரும். ஒவ்வோர் எண் இறக்கும்போதும் வெளிச்சம் இரட்டிப்பாகும், 13லிருந்து 10க்கு வந்தால் எட்டு மடங்கு. வீட்டுக்குள் 7, 8 வரை இறக்கிப் பாருங்கள்.

நான்கு சுவரும் கூரையும் உள்ள அறை என்றால், சீனைச் சுற்றிக் கவிழ்த்த வானம் போன்ற டோமின் வெளிச்சம் உள்ளே வர வழியில்லை. ஒரு சுவரை மறையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விளக்கு வையுங்கள். சின்ன விளக்கு ஒன்றை வைத்ததுமே படம் இன்னும் இருண்டுவிட்டதா? அதுவரை கேமராவின் ஹெட்லேம்ப் தானாக எரிந்துகொண்டிருந்தது. சீனில் விளக்கு வந்ததும் அது அணைந்துவிட்டது, அவ்வளவுதான்.

உருவம் வெள்ளையாக, அல்லது முகமே வேறாக வருகிறது

ஃபைல்கள் தப்பான இடத்தில் இருக்கின்றன. தரவிறக்கிய உருவத்தின் ஜிப்பைப் பிரித்தால் டேட்டா, ரன்டைம், பீப்பிள் என்ற ஃபோல்டர்கள் வரும். அவை லைப்ரரியில் ஏற்கெனவே உள்ள அதே பெயர் ஃபோல்டர்களோடு கலக்க வேண்டும். பலர் ஜிப்புக்குள் இருக்கும் கன்டென்ட் என்ற வெளி ஃபோல்டரோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள், பாதை ஒரு படி உள்ளே போய்விடுகிறது. டெக்ஸ்சர்கள் ரன்டைமில் இருக்கும். முகத்தின் வடிவம் டேட்டாவில் இருக்கும். எனவே நிறம் போனால் முதலில் ரன்டைமையும், முகம் மாறினால் டேட்டாவையும் பாருங்கள்.

சேலை வெடித்துப் பறக்கிறது

துணி எப்படி விழும், எப்படி மடியும் என்று கணக்கிடும் டிஃபோர்ஸ் சிமுலேஷனை ஓட்டியதும் துணி நாலாபக்கமும் முள் முள்ளாகச் சிதறினால், எங்கோ துணிக்கு இருக்க இடமில்லை என்று பொருள். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. சேலையின் சர்ஃபேஸில் செல்ஃப் கொலைட் என்பதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெடிப்பு நின்றால் துணி தன்மேலேயே மோதுகிறது. நிற்காவிட்டால் உடம்போ, கையோ, நாற்காலியோ துணியை நசுக்குகிறது.

எனக்கு முதல் வகை. காரணம் கொசுவம். துணிக்குக் கொலிஷன் ஆஃப்செட் என்று ஓர் இடைவெளி உண்டு, வழக்கமாக 0.2 சென்டிமீட்டர். அதைவிட நெருங்கி வரும் எதையும் அது மோதலாகவே எடுத்துக்கொண்டு தள்ளிவிடும். நான் கொசுவ மடிப்புகளை 0.1 சென்டிமீட்டர் இடைவெளியில் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். ஆகவே முதல் ஃப்ரேமிலேயே ஆறு மடிப்பும் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டன.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா கல்யாணங்களுக்குச் சேலை கட்டிவிடுவார், மடிப்பு வைத்து அயர்ன் பண்ணியும் கொடுப்பார். ரெண்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தம்பியோடு வந்தவர்தான். வெடித்த படத்தைப் பார்த்து, “உட்காரப் போறவங்களுக்கு இப்படி இறுக்கிக் கட்டக் கூடாது தம்பி. இடுப்புல மட்டும் கெட்டியாச் சொருகு, கீழே விசிறி மாதிரி விட்டுடு, உட்கார்ந்ததும் அதுவே படியும். தோள்ல ஒரு பின் குத்திடு, முந்தானை நழுவாது” என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் டிஃபோர்ஸில் ஒரு வழி இருந்தது. டிஃபோர்ஸ் மாடிஃபயர் வெயிட் நோட் ஒன்றைச் சேர்த்து, சிமுலேஷன் துணியை எவ்வளவு அசைக்கலாம் என்று சொல்லும் இன்ஃப்ளூயன்ஸ் வெயிட்டை இடுப்புச் சொருகலில் பூஜ்யமாகத் தீட்டினேன், அந்த இடம் உடம்போடு ஒட்டியே நிற்கும். தோளில் பின் குத்தும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூஜ்யம். கொசுவத்தை அடியில் விரித்து, மடிப்புக்கு மடிப்பு அரை சென்டிமீட்டர் விட்டேன். பிறகு டைம்லைனை 60 ஃப்ரேம் ஆக்கி, பாட்டி நின்ற நிலையில் தொடங்கி 30ஆம் ஃப்ரேமில் உட்காரும்படி வைத்தேன். மீதி 30 ஃப்ரேமில் அவர் அசையவில்லை, துணி மட்டும் மெல்லப் படிந்தது. முழங்காலின் மேல் கொசுவம் இரண்டாகப் பிரிந்து சரிந்ததைப் பார்த்து அக்கா, “இப்பதான் சேலை” என்றார்.

இரண்டாம் வகையென்றால் கையைப் பாருங்கள். மடியில் வைத்த கை துணிக்குள் புதைந்திருந்தால் கடைசி ஃப்ரேமில் வெடிக்கும். சிமுலேஷன் முடியும்வரை கையை இரண்டு விரல் கனம் மேலே தூக்கி வையுங்கள், முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம். முடி, வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் விசிபிள் இன் சிமுலேஷன் என்பதை அணைத்துவிடுங்கள். அவற்றால் துணிக்கு எந்தப் பயனும் இல்லை, இடைஞ்சல்தான்.

உடைக்குள்ளிருந்து உடம்பு எட்டிப் பார்க்கிறது

உடையை உருவத்தோடு பொருத்தும் ஃபிட் டூ சரியான உருவத்துக்குத்தானா என்று பாருங்கள். ஸ்மூதிங் மாடிஃபயரில், உடையை உடம்புக்கு வெளியே தள்ளும் சுற்றுகளான கொலிஷன் ஐட்டரேஷன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அப்படியும் எட்டிப் பார்த்தால் துணிக்குள் மறைந்திருக்கும் உடல் பகுதியையே மறைத்துவிடுங்கள். வெளியே தெரியாத தொடைக்காக மணிக்கணக்கில் போராட வேண்டியதில்லை.

மாநிறம் சாம்பலாக வருகிறது

எனக்கு மிகவும் வலித்தது இதுதான். பாட்டியின் நிறத்தைக் கொண்டுவர வெளிர் தோல் டெக்ஸ்சரின் பேஸ் கலரைப் பழுப்பாக்கினேன். ரெண்டரில் வந்தது உயிரில்லாத ஒரு முகம். பழுப்பின் மேல் சாம்பல் பூசிய மாதிரி, உதட்டைச் சுற்றி ஊதா சாயல்.

ஐரே தோலில் நிறம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மேலே பேஸ் கலர், அடியில் ட்ரான்ஸ்லூசன்சி கலர், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைப் பளபளப்பு. ட்ரான்ஸ்லூசன்சி வெயிட் அதிகம் என்றால் நிறத்தில் பெரும்பங்கு அடியிலிருந்துதான் வருகிறது. மேலே மட்டும் பழுப்பாக்கினால் அடியில் பழைய ரோஸ் அப்படியே இருக்கும், இரண்டும் கலந்து சாம்பலாகும். பளபளப்பின் கதை வேறு. தோல் எந்த நிறமானாலும் அதன் மேற்பரப்பு திருப்பியனுப்பும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெளிர் தோலில் அது கரைந்துவிடும், கறுத்த தோலில் அதே அளவு வெண்படலமாகத் தெரியும்.

எது காரணம் என்று பார்க்க, பளபளப்பின் அளவான டூயல் லோப் ஸ்பெக்குலர் வெயிட்டைப் பூஜ்யமாக்கிக் கன்னத்தில் மட்டும் ஸ்பாட் ரெண்டர் எடுங்கள். சாம்பல் போய்விட்டால் குற்றவாளி பளபளப்பு. அதற்காகப் பளபளப்பைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடாதீர்கள், தோல் களிமண் போல ஆகிவிடும். வெயிட்டைத் திரும்ப வைத்து, பளபளப்பைப் பரப்பும் ரஃப்னெஸைச் சற்றே குறையுங்கள். முகம் முழுக்கப் பரவிய படலம் சுருங்கி மூக்கு நுனி, கன்ன மேடு, நெற்றி என்று அதற்குரிய இடங்களில் போய் உட்காரும். வெளிச்சத்துக்காக டோமில் போட்ட எச்டிஆர்ஐ படத்தில் நீல வானம் இருந்தால் டோமைத் திருப்பி வெயில் பக்கத்தை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். சாம்பல் போகாவிட்டால் அடிநிறம்தான் காரணம்.

இந்த இடத்திலும் அதே அக்காதான் கைகொடுத்தார். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுபவர்களோடு அவர் பல வருடம் வேலை பார்த்தவர். “ரோஸ் அடியில போட்டு மேலே பழுப்பு பூசினா யாருக்கும் சாம்பல்தான் வரும். நம்ம நிறத்துக்கு அடியில ஆரஞ்சு வேணும்” என்றார். ட்ரான்ஸ்லூசன்சி கலரை ரோஸிலிருந்து செம்மண் சாயலுக்கு மாற்றினேன். முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “உள்ளங்கையைப் பாருடா” என்றார். எல்லாச் சர்ஃபேஸிலும் ஒரே சாயத்தைப் போட்டதால் உள்ளங்கையும் புறங்கையும் ஒரே பழுப்பாக இருந்தன. நம் யாருக்கும் உள்ளங்கை அப்படி இருக்காது. உள்ளங்கால், நகத்தின் அடி, ஈறு, இவையும் அப்படியே. கையின் டெக்ஸ்சரைப் பட எடிட்டரில் திறந்து, உள்ளங்கைப் பகுதியை மாஸ்க் செய்து சாயத்தை அங்கே பாதியாக்கினேன். பெரியம்மா அதோடு விடவில்லை. “ஆத்தா தினமும் மஞ்சள் பூசும். முகத்துக்கும் கழுத்துக்கும் நிறமே வேற” என்றார். முகத்தின் பேஸ் கலரில் மட்டும் துளி மஞ்சள் சேர்த்தேன். அதுவரை யாரோ ஒரு கிழவி. அதன் பிறகு என் பாட்டி.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரே டாஸ் ஸ்டுடியோவுக்குள் வந்தது 2015ல். அதற்கு முந்தைய பொருட்கள், டாஸின் பழைய ரெண்டர் பகுதியான 3டிலைட்டுக்காகச் செய்தவை. அவற்றின் தோல் சுண்ணாம்பு போல வந்தால் முதலில் ஐரேவுக்கான மேற்பரப்பு அமைப்பான ஐரே ஊபர் பேஸைப் போட்டுவிட்டு, அப்புறம் நிறத்தைத் தொடுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள் போகவே மாட்டேன் என்கின்றன

ரெண்டர் முடிவதற்குள் நின்றுவிட்டதா பாருங்கள். மேக்ஸ் டைம் 7200 வினாடி என்று இருக்கும், இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிடும். மேக்ஸ் சாம்பிள்ஸ் 5000, அதுவும் ஓர் எல்லை. ஜன்னல் திறந்திருக்கும் வரை எல்லையை ஏற்றி ரெஸ்யூம் கொடுக்கலாம். சின்னஞ்சிறு விளக்குகள்தான் அதிகம் புள்ளி தரும், விளக்கின் பரப்பைப் பெரிதாக்கினால் குறையும். புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்சரைக் கடைசியில்தான் போட வேண்டும், அதுவும் லேசாக. பாட்டியின் முகச் சுருக்கங்களை அது முதல் தடவை வழித்தே எடுத்துவிட்டது.

திரை அணைகிறது, அல்லது மெஷினே அணைகிறது

இரண்டும் ஒன்றல்ல. திரை ஒரு நொடி கருத்துத் திரும்பி வந்தால், கார்டு இரண்டு வினாடிக்குள் பதில் தரவில்லை என்று விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கியிருக்கிறது. என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள், ஐரே ப்ரிவியூவை மூடிவிட்டு ரெண்டர் கொடுங்கள். மெஷின் மொத்தமாக அணைந்தால் சூடு, இல்லையென்றால் பவர் சப்ளை. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் பழைய கார்டு வாங்கிப் போட்டு, கார்டுதான் கெட்டது என்று ஒரு மாதம் வருந்தினான். கடைசியில் பார்த்தால் பழைய 450 வாட் சப்ளையால் அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இன்னொருவருடைய சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இதில் எதுவும் பொருந்தாவிட்டால்

சீனை வேறு பெயரில் சேமித்து, அதிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்குங்கள். எதை நீக்கியதும் கோளாறு போகிறதோ அதுதான் இடம். பாதிப் பாதியாக நீக்கினால் இன்னும் வேகம், அறுபது பொருள் இருந்தாலும் ஆறு தடவையில் பிடித்துவிடலாம். அந்தச் சின்ன சீன், லாக்கின் கடைசிப் பக்கம், நிரலின் பதிப்பு எண், கார்டின் பெயர், டிரைவர் எண், முழுத் திரையின் ஸ்கிரீன்ஷாட், எதையெல்லாம் ஏற்கெனவே முயன்றீர்கள் என்ற குறிப்பு, இவற்றை எடுத்துக்கொண்டு தெரிந்தவரிடம் போங்கள். போனில் எடுத்த மங்கலான மூலைப் படம் வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தெரிந்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துணி என்றால் துணி கட்டுபவர், பூ என்றால் பூ கட்டுபவர்.

லேப்டாப் என்றால் சார்ஜரை மறந்துவிடாதீர்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டு தன் முழு வேகத்துக்குப் போகாது, அங்கே உட்கார்ந்து அளந்ததெல்லாம் தப்பாகிவிடும்.